பனியன் ஊரில் சாஃப்ட்னர் விற்ற ஆறு மாதம்

சோப்பு விற்கும் தொழிலில் முதலில் நுரை தள்ளுவது விற்பவருக்குத்தான். 'டார்கெட்' என்று யாராவது சொன்னாலே காலண்டரைத் திரும்பிப் பார்க்கும் சக ஜீவன்களே, உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

சோப்பு, ஷாம்பு, பற்பசை என்று உலகமெல்லாம் விற்கும் பெரிய வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் நான் சேல்ஸ் ஆபீசர். பெயர் ஜெபராணி, ஊர் உடன்குடிப் பக்கம். திருப்பூரும் குன்னத்தூரும் என் பொறுப்பில். ஆறு மாதம் புரொபேஷன். துவைத்த துணியை மிருதுவாக்கும் புது சாஃப்ட்னர் ஒன்று வந்திருந்தது. அதை முப்பது கடைகளில் ஏற்றிவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அம்மாவோ ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து, இங்கே ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். போவதற்கு வீடும் இல்லை.

பாக்கலாமுங்க

எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் வேண்டாமென்றால் வேண்டாம் என்பார்கள், கூடவே இரண்டு ஏச்சும் விழும். குன்னத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் முத்துச்சாமி அண்ணன் அப்படியில்லை. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "பாக்கலாமுங்க" என்றார். மற்ற கடைகளிலும் அதே பதில்தான். நான் பூரித்துப்போய், கம்பெனி ஆப்பில் பத்தொன்பது கடைகளுக்கு 'ஆர்டர் உறுதி' என்று தட்டிவிட்டேன். சென்னையிலிருந்து மேனேஜர் போன் போட்டுப் பாராட்டினார்.

அடுத்த வாரம் சரக்கு வண்டி பத்தொன்பது கடைகளுக்கும் போய், ஒரு பெட்டியும் இறக்காமல் திரும்பி வந்தது. அழாத குறையாக முத்துச்சாமி அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "பாக்கலாமுங்கன்னா வேண்டாமுங்கன்னு அர்த்தமுங்க அம்மிணி. வந்தவங்க மொகத்துக்கு நேரா வேண்டாம்னு எப்பிடீங்க சொல்றது?"

டையிங் மாஸ்டர் கையில் ஒரு பாட்டில்

திருப்பூருக்குள் வேறு தொல்லை. அங்கே சாஃப்ட்னர் என்றால், சாயப்பட்டறையில் பீப்பாய் பீப்பாயாக வாங்கித் துணிக்கு ஊற்றும் மருந்து. மளிகைக் கடையில் அதற்கு என்ன வேலை என்று யோசித்த ஒரு கடைக்காரர், நான் இடம் மாறி வந்துவிட்டதாக நினைத்து, அப்படியொரு டையிங் யூனிட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார். நானும் போனேன். டார்கெட் இருப்பவள் எங்கேயும் போவாள்.

டையிங் மாஸ்டர் என் சின்ன பாட்டிலைப் பார்த்தார். பிறகு, தனக்குப் பின்னால் லாரி உயரத்துக்கு நின்ற மிஷினைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "ஒரு லாட்டுக்கு எத்தனை பாட்டலுங்க ஊத்தோணும்? மூடி தொறக்கறதுக்கே நாலு ஆள் போடோணுமுங்களே!"

இலவச டி-ஷர்ட்

இதற்கு மேனேஜர் கண்டுபிடித்த வைத்தியம், கடைக்காரர்களுக்கு இலவச டி-ஷர்ட். மும்பை ஆபீசிலிருந்து இரண்டு பெட்டி வந்து இறங்கியது. திருப்பூருக்கு டி-ஷர்ட் அனுப்பலாம் என்று யோசித்த அந்தப் புண்ணியவானை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

முத்துச்சாமி அண்ணன் மளிகைக்கு வருமுன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மார்பில் அச்சடித்திருந்த எங்கள் கம்பெனிப் பெயரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்துத் தேய்த்தார். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: "சொரசொரன்னு இருக்குதுங்களே அம்மிணி. சும்மா குடுக்கறதே இப்பிடீன்னா, காசுக்கு விக்கிறது எப்பிடீங்க இருக்கும்?"

அதே லாட்

ஐந்தாவது மாதம். கணக்கில் ஏழே கடைகள். அதில் மூன்று, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு வாங்கியவை. மிஞ்சிய டி-ஷர்ட் ஒன்றை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா துவைத்தார். வாளிப் பக்கத்தில் இருந்த என் சாம்பிள் பாட்டிலைச் சோப்புத் திரவம் என்று நினைத்து அதையும் ஊற்றிவிட்டார். காய்ந்ததை மடிக்கும்போது அவர் விரல் நின்றது. நாள் முழுக்கத் துணி பார்க்கும் கை அது. "ஏட்டி, இது வேற லாட்டுல்லா?" என்றார். இல்லை, அதே பெட்டிதான். நான் இருந்த இடத்திலேயே குதித்தேன்.

மறுநாள் குன்னத்தூர் போய், முத்துச்சாமி அண்ணன் கையில் அந்த டி-ஷர்ட்டையும், பிரிக்காத ஒன்றையும் கொடுத்தேன். எது எது என்று சொல்லவில்லை. அவர் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தேய்த்தார். துவைத்ததைத் தூக்கிக் காட்டி, "இது எக்ஸ்போர்ட்டுங்க, அது லோக்கலுங்க" என்றார். இரண்டும் ஒரே பெட்டி என்றதும் நம்பாமல் லேபிளைப் பார்த்தார், தையலை எண்ணினார், மனைவியைக் கூப்பிட்டு அவர் கையிலும் கொடுத்தார். கடைசியில் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். "ரெண்டு பெட்டி எறக்கீருங்க அம்மிணி. கை சொன்னதுக்கு மேல நானென்னுங்க சொல்றது?"

கடிதம்

அதன்பிறகு கடை கடையாக இரண்டு டி-ஷர்ட்டோடு போனேன். இந்த ஊரில் பேச்சுக்கு மயங்காதவர்கள் உண்டு, துணியைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இல்லை. முப்பத்தொன்றாவது கடையும் ஏறியது. மேனேஜர் இந்த இரண்டு டி-ஷர்ட் வித்தைக்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்து, தன் யோசனை என்று மும்பையில் படம் போட்டுக் காட்டினாராம். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வேண்டியது வேலை நிரந்தரம் என்ற கடிதம். அது வந்தது. பிரிண்ட் எடுத்து மூன்று முறை படித்துவிட்டு, அம்மா கையில் கொடுத்தேன்.

சைஸ் லேபிள் படித்துப் படித்து அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து அத்துப்படி. மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். பிறகு பையிலிருந்து, துணியில் குறை இருக்கும் இடத்தில் செக்கிங்காரர்கள் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினார். 'மிஸ்டர் ஜெபராணி' என்று இருந்தது. வேலை வேறு யாருக்கோ போய்விட்டதோ என்று கடிதத்தைப் பிடுங்கி மறுபடி படித்தேன். அம்மா அசரவில்லை. "பயப்படாதட்டி. சரிபண்ணிரக்கூடிய சின்ன ஆல்டர்தான், திருப்பி அனுப்பு, பாஸாயிரும்."

ஆக, ஊர் உலகத்துக்கெல்லாம் சோப்பு போட்ட கம்பெனிக்கு, நான் ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள முழுதாக ஆறு மாதமும் ஒரு ஸ்டிக்கரும் தேவைப்பட்டன.