ஒத்துப்போகாத இரண்டு அளவுகள்

ஒரகடத்தில் பிரேக் சிலிண்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சிலிண்டரின் துளையை அளப்பதுதான் வேலை. உற்பத்தி லைனில் அளவு பார்க்க ஒரு கேஜ் உண்டு. ஏசி அறையில் அளக்கும் பெரிய மெஷின் ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த லாட்டுக்குச் சிவப்பு டேக் மாட்டி ஓரங்கட்டிவிட வேண்டும். எது பொய் சொல்கிறது என்று தெரியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. எங்கள் வேதம் அது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. கேஜ் சரி என்றது. மெஷின், துளை ஒரு மயிரிழை பெரிது என்றது. வெளியே லாரி காத்திருந்தது. சூப்பர்வைசர் என் தோளில் கை வைத்து, “ரெண்டுல எது நல்லா கீதோ அத்த எழுதி அனுப்புப்பா. மெஷின்ல இன்னா தூசு மாட்டிக்கினு கீதோ” என்றார். எழுதினேன். மெஷின் சொன்னதை எழுதவே இல்லை. லாரி போய்விட்டது.

துளை பெரிதானால் பிரேக் ஆயில் கசியலாம். கசிந்தால் என்றைக்கோ ஒரு நாள், யாரோ மிதிக்கும்போது வண்டி நிற்காது. அதற்கப்புறம் எனக்கு ரோடு பழைய ரோடாக இல்லை. மண்ணூர் பக்கம் எங்காவது பிரேக் கிறீச்சிட்டால், வண்டி நின்றதா என்று திரும்பிப் பார்த்தால்தான் மூச்சு வரும். பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் முதலில் வண்டியின் மாடலைத்தான் தேடுவேன். செத்தவர் பெயர் அப்புறம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது நெஞ்சோடு நிற்கவில்லை, சோறும் இறங்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் வானவியல் பேச்சுகள் கேட்பது என் வழக்கம். ஒரு நாள் காலை, பிரபஞ்சம் விரியும் வேகத்தைப் பற்றி ஒருவர் பேசினார். வெடிக்கிற ஒருவகை நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் எரியுமாம். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம். அந்த ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், வழியில் வெளி எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துவிடும். இது ஒரு கேஜ். பிரபஞ்சத்தின் பிள்ளைப் பருவத்தில் கிளம்பி இன்னும் வந்துகொண்டிருக்கும் பழைய ஒளி இன்னொரு கேஜ். இரண்டும் வேறு வேறு வேகம் சொல்கின்றனவாம். எத்தனை முறை சரிபார்த்தாலும் அப்படித்தானாம்.

போனில் சத்தத்தைக் கூட்டினேன். இந்த விஞ்ஞானிகள் எதை எழுதினார்கள்?

இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். அளப்பதில் பிழையா, பிரபஞ்சத்தில் நமக்குப் புரியாத ஏதாவது இருக்கிறதா, தெரியாது என்றார் அவர், கூச்சமே இல்லாமல். எல்லாம் விலகி விலகி ஒரு நாள் இருண்டுபோகும் என்றுதான் படுகிறது, அதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிரபஞ்சத்தின் முடிவுக்கே இவ்வளவு நேர்மை. கையடக்கச் சிலிண்டருக்கு என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. சரி, அன்றைக்காவது போய் மேலிடத்தில் சொன்னேனா? வாயில் கொழுக்கட்டை.

போன மாதம் பென்னலூரில் எங்கள் வீட்டு வாசலில் தம்பி ஒரு லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். காய்கறி ஏற்ற செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மாலை. அவன் மடியில் மூன்று வயது மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள்.

“நாலு வண்டி பாத்தேண்ணே. இதுல உங்க கம்பெனி பிரேக்குன்னாங்க. எங்கண்ணன் கைபட்டதுன்னு சொல்லி இத்தயே எடுத்துக்கினேன்.”

மாடலைப் பார்த்தேன். வருடத்தைப் பார்த்தேன். அதே வருடம்.

சொல்லிவிட்டேன். இரண்டு அளவுகளையும் சொன்னேன், எதை எழுதினேன் என்பதையும்.

அவன் சிரிப்பு அடங்கியது. “அந்த சிலிண்டரு இதுல கீதா?”

“தெரியலடா.”

என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினை அணைத்தான். மகளின் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்து, அவளை வண்டியிலிருந்து கீழே இறக்கிவிட்டான்.