சுவரில் ஒட்டிய நான்காம் எண்

நடந்தது இது:

1. எங்கள் தாமான் குடியிருப்புக்கும் ஈப்போ பக்கத்துச் சாலைக்கும் நடுவே செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அதற்குள் போகும் கேட்டை நிரந்தரமாக மூடப்போவதாக, தோட்டத்தை நடத்தும் நிறுவனம் எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவருக்குக் கடிதம் அனுப்பியது.
2. தலைவர் அதை எனக்கு மட்டும் காட்டினார்.
3. ஞாயிறு காலை நான் ஒரு கூட்டம் நடத்தினேன். எதைப் பேசுவது என்பதை வந்தவர்களே எழுதித் தர வேண்டிய கூட்டம்.
4. கடிதத்தைப் பற்றி நான் முன்கூட்டிச் சொல்லவில்லை.
5. ஓர் அக்கா ‘கேட்’ என்று எழுதித் தந்தார். அதற்கு நான்காம் எண் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.
6. திங்கட்கிழமை, தன் கணவருக்காக வேறொரு மையத்தில் கிடைத்திருந்த டயாலிசிஸ் இடத்தை அந்த அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறாவது வரியை விளக்க வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்துவிட்டு, எங்கள் குடும்பங்களைத் தோட்டத்தின் ஓரத்தில் வரிசை வீடுகளில் வைத்தார்கள். அந்த அக்காவின் கணவர் முன்பு லோரி ஓட்டியவர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கேட் வழியாகப் போனால் மையத்துக்குப் பதினைந்து நிமிடம். கேட் மூடினால் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம். கேட் மூடலாம் என்று பேச்சு அடிபட்ட உடனே அக்கா நெடுஞ்சாலைப் பக்கத்து மையத்தில் விசாரித்து ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். அது கேட் வழியாகப் போகாமலே அரை மணி நேரப் பயணம். திங்கள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கேட் திறந்திருக்குமா, இருக்காதா. அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். இந்த வகைக் கூட்டத்தை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை எங்கள் மேலாளர் தொடங்கும்போதே எதையெல்லாம் பேசக்கூடாது என்று ஒரு பக்கம் வாசித்தார். அதன் பிறகு முப்பது பேர் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தின் கூரையைப் பற்றி மட்டும் பேசினோம். அந்தக் கூரை என் மனதில் இருந்தது.

“தங்கச்சி, இந்த சூராட்ட மொதல்லயே படிச்சிக் காட்டிடலாமா?” என்று தலைவர் கடிதத்தைக் காட்டிக் கேட்டார்.

“வேணாம் அண்ணே. படிச்சா அதோட எல்லாரும் வாய மூடிக்குவாங்க. மொதல்ல பேசட்டும். கடைசில சொல்லிக்கலாம்.”

“நீ படிச்ச புள்ள. பாத்துக்கோலா.”

ஞாயிறு காலை மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தேன். உள்ளே வந்த ஒரு மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். “சாவு வீடு மாதிரி போட்டிருக்கு. நடுவுல யாரு படுக்கப் போறா?”

“நீங்கதான் மாமா. மாலை கொஞ்சம் லேட்டாகுமாம்,” என்றார் அக்கா. மண்டபமே சிரித்தது.

தாள்கள் வந்தன. ஒன்று, தெரு நாய்கள். இரண்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை. மூன்று, பூப்பந்து மைதானத்து விளக்கு. நான்கு, கேட். ஒவ்வொன்றுக்கும் எண், இடம், நேரம் எழுதி ஒட்டினேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நான்காம் எண்ணுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணி நேரம் பேசினார்கள். சாவி யாரிடம் இருக்க வேண்டும், காலையில் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், வெளியார் லோரி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. அக்கா எல்லாவற்றையும் உருண்டையான கையெழுத்தில் எழுதினார். தொழிற்சாலையில் இவ்வளவு ஒழுங்கான திட்டத்தை நான் பார்த்ததில்லை. நடத்துபவர் குறுக்கே பேசக்கூடாது என்பது விதி. கடிதத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று, சுவரில் பிரிந்து வந்த டேப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கடைசியில் அக்கா திட்டத்தை வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குள் சாப்பிட மீகூன் வந்துவிட்டது. அடுத்த வாரம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கள் மதியம் என்ற கெடு எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கேட்டில் அறிவிப்புப் பலகை தொங்கியது. மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். கடிதம் முன்பே வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப ஞாயித்துக்கெழமயே ஒனக்குத் தெரியும்?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சிக்கிட்டா நம்பர் போட்ட?”

“அது பேசுறதுக்குப் போட்ட நம்பர் அக்கா. முடிவு இல்ல.”

“நான் பதினாறு வயசுலேருந்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவ. பெரட்டுப் பலகையில கிராணி நம்பர் போட்டு ஒட்டுனாருன்னா, தொரகிட்ட கேட்டு ஆச்சின்னு அர்த்தம். ஆகாதத எவன் ஒட்டுவான்? நீ நம்பர் போட்ட, எடம் போட்ட, மணியும் போட்ட. ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க, எப்படி நடத்துறதுன்னு மட்டும் எங்கள கேக்குறாங்கன்னு நெனச்சேன்.”

விடிகாலையில் தோட்டத்து எழுத்தரான கிராணி எல்லோரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டைப் பற்றி என் அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பலகையில் வந்தாச்சு என்றால் மறுபேச்சில்லை என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். மண்டபத்துக்கு வந்த பாதிப் பேர் அந்தப் பலகையின் முன்னால் நின்று வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் காலியான சுவரைக் காட்டி, எது வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

“புள்ளய நிக்க வெச்சிப் பேசுற. உக்கார சொல்லு,” என்றார் அக்காவின் கணவர். அவர் கையில் கட்டு இருந்தது. அன்றைக்குத்தான் டயாலிசிஸுக்குப் போய் வந்திருந்தார்.

அங்கிருந்தே நெடுஞ்சாலைப் பக்கத்துப் புதிய மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். திங்கள் மாலையே இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காத்திருப்போர் வரிசையில் பெயரை எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் நான் மாறிவிட்டேன். முடிவாகிவிட்டவை எவை, நம் கையில் இல்லாதவை எவை என்று நான்கு வரி எழுதி வாசலில் ஒட்டினேன். உள்ளே நுழைந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். பிறகு தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் எழுதவில்லை. இருபது நிமிடம் கழித்துச் சாவு வீடு என்று சொன்ன மாமா எழுந்தார்.

“அதான் எல்லாம் ஒட்டியாச்சேலா. பெரட்டு முடிஞ்சிச்சி. போலாமா?”

அக்காவும் வந்திருந்தார். வெறும் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் கூட்டத்திலேயே எல்லையைச் சொல்லியிருந்தால் அதுவும் இப்படித்தான் கலைந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு திட்டமும் வந்திருக்காது, யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அக்காவின் கணவருக்கு அந்த டயாலிசிஸ் இடம் இருந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். கீழே முடிவு என்று ஒரு தலைப்பும் போட்டிருக்கிறேன். அதன் கீழே ஒன்றும் இல்லை.

கேட் மூடியிருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி அக்காவும் கணவரும் காலை ஐந்தரைக்குக் கிளம்பிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சனிக்கிழமைகளில் நான் கார் ஓட்டுகிறேன். புதிய மையத்திலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு நாள் குறிக்கவில்லை.