பிரேக் மிதித்த ஞாயிற்றுக்கிழமைகள்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் இல்லை, டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல் வரிசை கட்டுவார். முப்பது வருடமாக வாயில்லாத பற்களோடு குப்பை கொட்டுகிறவர். வீட்டில் நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். "உனக்கு மேல் வரிசைல இடது கடைவாய் கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்பார். சொல்ல வந்தது அப்படியே தொண்டைக்குள் போய்விடும். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

இந்த மனிதர் பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பழைய பிரெஞ்சு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கியர் தரையில் இல்லை. டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்தும் தள்ளியும் ஓட்ட வேண்டும். ஏறக்குறைய எங்கள் வயதுதான் அதற்கும். "குடும்ப வண்டி" என்றார் பெருமையாக. குடும்பம் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேரும், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளும்தான்.

மெக்கானிக்கைக் கிட்டே சேர்க்க மாட்டார். எல்லாம் வீட்டு ஷெட்டில், தன் கையால். கார்புரேட்டரைக் கழற்றி என் சமையலறைத் தொட்டியில் போட்டு, பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஜன்னல் இறக்கும் கைப்பிடியின் குமிழ் உடைந்தபோது கடை கடையாக அலைந்துவிட்டு, கடைசியில் தானே அச்செடுத்து வார்த்தார். எதில் என்கிறீர்கள்? பல் செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொருளில்! இன்றைக்கும் அந்த ஜன்னலை இறக்க வேண்டுமென்றால் யாருடைய ஈறையோ பிடித்துத்தான் சுற்ற வேண்டும். மகளின் சிநேகிதி ஒருத்தி தெரியாமல் தொட்டுவிட்டு, நேரே கை கழுவப் போனாள்.

இதில் எனக்குள்ள வேலை பிரேக் மிதிப்பது. பிரேக் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டுமாம். இவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். நான் ஓட்டுகிற சீட்டில். "அழுத்து" என்றால் அழுத்த வேண்டும். "பிடி" என்றால் காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். "விடு" என்றால் விட வேண்டும். நாலு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து தடவை. மாதத்துக்கு ஒரு ஞாயிறாவது இவருக்குப் பிரேக்கில் சந்தேகம் வந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு ஒன்று பிடிபட்டது. கீழே படுத்திருப்பவருக்கு என் பல் தெரியாது! காலை வைத்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறோம் என்று மகளைப் பற்றி ஏதோ சொன்னேன். "அப்படியா சொன்னா? சரி, விடு. அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று கீழேயிருந்து கேள்வி வந்தது. நம்மைத்தான் கேட்கிறாரா என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டு விஷயமெல்லாம் அங்கேதான். மகள் வேலை மாறியது, என் ஆபரேஷனுக்கு நான் பயந்து நடுங்கியது, இவருக்கும் கொழுந்தனாருக்கும் வந்த மனஸ்தாபம், எல்லாவற்றையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே பேசித் தீர்த்தோம். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

இத்தனைக்குப் பிறகும் அந்த வண்டியை ஒழித்துக்கட்டக் கிளம்பியது நான்தான். போன மாதம் இவர் சீட் உறையைத் துவைக்கிறேன் பேர்வழி என்று, அதற்குள் இருந்த இரண்டு நட்டோடு சேர்த்து என் புது வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டார். மெஷின் கடகடவென்று கத்திவிட்டு நின்றே போனது. எனக்கு வந்ததே கோபம்!

"வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு போறீங்கல்ல? இந்தத் தடவை பெயிலாச்சுன்னா பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போகட்டும். சம்மதமா?"

அன்று என் பல்லைக்கூட அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து "சரி" என்றார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளே இல்லை. மறுநாள் அவரே போய் இரும்புக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஞாயிறு பிரேக் மிதித்தபோது நான் வாயே திறக்கவில்லை. "அப்புறம்?" என்று கீழேயிருந்து இரண்டு தடவை கேட்டார். எனக்கு ரோஷம்.

வெள்ளிக்கிழமை சோதனை நிலையத்துக்குப் போனோம். ஒரு நீளமான பள்ளத்துக்கு மேலே வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இவர் பழக்க தோஷத்தில் பள்ளத்துப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"சார், எங்க போறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"கீழ."

"கீழ போறது என் வேலை. நீங்க அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அம்மா, நீங்க வண்டியில உக்காருங்க."

உட்கார்ந்தேன். பள்ளத்திலிருந்து "அழுத்துங்க" என்று குரல் வந்தது. அழுத்தினேன். "பிடிங்க." பிடித்தேன். பதினொரு வருடப் பழக்கம், கால் அழுந்தியதும் வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"கோவத்துல சொல்லிட்டேங்க" என்றேன். "மெஷின் போனா போகுது. வண்டி பெயிலாயிடக் கூடாதேன்னு காலையிலேருந்து வேண்டிக்கிட்டிருக்கேன். இதுவும் போயிட்டா நாம எங்க உக்காந்து பேசறது? வீட்டுக்குள்ள நீங்க என் பல்லைப் பாப்பீங்க, நான் சுவரைப் பாப்பேன். சாகற வரைக்கும் அப்படியேவா?"

கீழே டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்ல. விடுங்க."

மானம் கப்பலேறிவிட்டது. மஞ்சள் கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வரிசையில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

ஆய்வாளர் மேலே வந்து, என் பக்கமே திரும்பாமல், ஒரு தாளில் முத்திரை குத்தினார். "பின் சக்கரத்து ரப்பர் குழாய்ல வெடிப்பு விட ஆரம்பிச்சிருக்கு. மத்ததெல்லாம் சுத்தம், ஆனா பெயில். மாத்திட்டுக் கொண்டு வாங்க, திரும்பப் பாக்கறேன்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாத்தினதும் காத்து எடுக்கணும். ரெண்டு ஆள் வேணும்."

இவர் வண்டியை மெதுவாக ஓட்டி வெளி மைதானத்தில் நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து இரும்புக்காரரின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டையும் போனையும் எடுத்தார்.

"சொன்னா சொன்னதுதானே" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண் நேராக என் பல்லுக்கு வந்தது. அவ்வளவுதான். பள்ளத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளிடம் கொட்டியதைக் கட்டிய புருஷனிடம் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு எண்ணாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! போனை வையுங்க. முதல்ல கீழ போய்ப் படுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

"எதுக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

முறை வருவதற்காகக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, பெயில் என்று முத்திரை குத்திய தாளைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் ஓட்டுகிற சீட்டுக்கு நகர்ந்து பிரேக்கில் காலை வைத்தேன்.

"இரும்புக்காரரைக் கூப்பிடாதீங்க" என்றேன்.

கீழே தலைக்கடியில் தாள் சரசரத்தது.

"லாரி சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு" என்றார். "முதல்லேருந்து சொல்லு."