இடுப்பில் செருகிய மடக்குக் கத்தி

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய என் அண்ணன் இரண்டு மடக்குக் கத்திகளைக் காட்டி, "தையல் வேலைக்கு ஆகும், ஒண்ணை எடுத்துக்க" என்றார். இரண்டிலும் கத்தி, சின்னக் கத்திரிக்கோல், டின் திறக்கிற கொக்கி எல்லாம் மடங்கியிருந்தன. ஒன்றைத் திறப்பதற்குள் என் நகம் பிய்ந்துவிட்டது. இன்னொன்று விரல் பட்டதுமே திறந்துகொண்டது. "இறுக்கமா இருக்கதுதான் நல்லது" என்று அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காமல், லேசாகத் திறந்ததையே எடுத்துக்கொண்டேன். அன்று முதல் அது என் சேலை இடுப்பிலேயே இருந்தது.

போன மாதம் காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு பஸ்ஸில் போனேன். உட்கார இடமில்லை. இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சும்மா வருவாளா? காலை உதைத்து உதைத்து ஆடிக்கொண்டே வந்தாள். திடீரென்று, பக்கத்து சீட்டிலிருந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஆத்தாடி, புள்ளைய எடுங்க! இடுப்புல என்னத்த வச்சிருக்கீக?"

குனிந்து பார்த்தேன். கத்தி முழுதாகத் திறந்து, மகளின் பாவாடையைக் கிழித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை. எப்படித் தப்பினாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, பஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டேன். மகளோ கிழிசலில் விரலை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அண்ணனிடம் அந்த இறுக்கமான கத்தியைக் கேட்டு வாங்கி, தகர டப்பாவில் போட்டு, பைக்குள் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் நகம் வலிக்கிறது, வலிக்கட்டும். என் இடுப்பில் இனி பிள்ளை மட்டும்தான்.