படகு விளிம்புக்குத் தேக்குச் சட்டம்

அல்லிநகரத்தில் கதவும் ஜன்னலும் செய்கிறவன் நான். படகைத் தொட்டதே இல்லை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தோட்டத்துக் குட்டையை ஒட்டி டூரிஸ்ட்காரர்கள் தங்க அறைகள் கட்டியபோது கதவெல்லாம் நான்தான் போட்டேன். அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டார். கேரளாவிலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்திருந்தார். விளிம்பு முழுக்கப் பல்லிளித்துக் கிடந்தது.

"சுத்தித் தேக்கு அடிச்சுக் குடு ஆசாரி. பாக்க லட்சணமா இருக்கும்."

ஒரு நாள் வேலைதானே என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் நாளே இரண்டு சட்டம் போச்சு. பாதி தூரம் ஒழுங்காகப் படிந்து வரும். படகின் கூரான மூக்குப் பக்கம் வளைக்கும்போது படாரென்று முறியும். மறுநாள் தேக்கை மெலிசுப் பட்டையாக, ரீப்பராக அறுத்து, ஈரச் சாக்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றினேன். வளைந்தது. ஆனால் ஸ்க்ரூ நிற்கவில்லை. ஃபைபர் அவ்வளவு மெலிசு. முறுக்க முறுக்க வெறுமனே சுற்றியது. ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை தெறித்துத் தாடையில் அடித்தது.

தோட்டக்காரர் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை கதவு போட்ட ஆளு, இதுக்கு ரெண்டு நாளா?"

"கதவை யாரும் வளைக்கச் சொல்றதில்லண்ணே!" கத்தியே விட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள், மறுமுனையைப் பிடிக்க என் மனைவியைக் கூட்டிப்போனேன். வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, வெளிய மட்டும் வச்சா எப்படி நிக்கும்? உள்ளயும் ஒரு பட்டை குடுத்து ரெண்டையும் சேத்துப் பிடிங்க. ஜாக்கெட் கழுத்துக்கு நான் அப்படித்தான பட்டி வைக்கிறேன்?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் உள்பக்கமும் ஒரு ரீப்பர் வைத்து, நடுவில் ஃபைபரை நெருக்கி, போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கினேன். அசையவில்லை.

மூக்கில் இரண்டு பக்கச் சட்டமும் சேருமிடத்தில் மட்டும் விரல் நுழையும் சந்து. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் தேமல் மாதிரி தனியாகத் தெரிந்தது.

தோட்டக்காரர் கவனிக்கவே இல்லை. படகில் ஏறிக் குட்டையைச் சுற்றி வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது, "அந்த மூக்கைப் பிரிச்சுத் திரும்பப் போடணும்" என்றேன்.

"அவுக சந்தோஷமாத்தான இருக்காக? விடுங்க."

சின்னமனூர் தாண்டும்போதும் அந்தச் சந்துக்கு எந்த அளவில் மரத்துண்டு வெட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.