மலாக்காவில் ஒரு டச்சு நீதிமன்றமும் எங்கள் கிராணி மலரும்

போன சனிக்கிழமை மலாக்காவுக்குப் போனதற்குக் காரணம் மலர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினோரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்துகொண்டே சட்டம் படித்துத் தேறியவள். திங்கட்கிழமை அவளை வழக்கறிஞராக ஏற்கும்படி நீதிபதி முன் நான் பேச வேண்டியிருந்தது. பேச்சை எழுதி அவளிடம் காட்டினேன். "கிராணிங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க மேடம். எல்லாரும் அதையே பிடிச்சிக்குவாங்க" என்றாள். அதை எடுத்தால் என் பேச்சில் மிஞ்சுவது அவள் பெயரும் முகவரியும்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே போனாலாவது மனசு மாறட்டும் என்று, டச்சுக்காரர் காலத்து நீதிமன்றம் பார்க்கக் கிளப்பினேன்.

காலை 7.10க்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வழியில் காலைப் பசிக்கு ரொட்டி சானாய் சாப்பிட அரை மணி நேரம். 9.40க்கு இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன் நின்றோம். டோலும் பெட்ரோலும் போக வர தொண்ணூறு ரிங்கிட்.

உள்ளே ஒரு கூடம். கோடியில் பெரிய மேசை, உயரமான நாற்காலிகள். இருவரும் வாசலிலேயே தலை தாழ்த்தினோம். நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் நீதிபதியின் இருக்கைக்கு அப்படி வணங்குவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். பின்னால் வந்த வழிகாட்டி அங்கிள் பொறுமையாகச் சொன்னார். "மேடம், அது சாப்பாட்டு மேசை லா." வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவரே மேலும் சொன்னார். "அப்போ தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தவங்கள்ல நெறைய பேரு டச்சு கம்பெனி வியாபாரிங்க. சட்டம் படிச்சவங்க கொஞ்சம்தான். எழுதுற கிராணி இல்லன்னா ஒரு கேஸ் நகராது."

தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த செண்டோல் குடிக்க ஒரு கடையில் உட்கார்ந்தோம். மலர் கேட்டாள்.

"அந்தக் கிராணி பேரு அங்க எங்கயாச்சும் எழுதியிருந்துச்சா மேடம்?"

"நான் பார்க்கல."

"அப்போ என்னோடத சொல்லிடுங்க, கிராணின்னே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. செண்டோலைக் குறை சொல்லிச் சமாளித்தேன்.

போக நினைப்பவர்கள் பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், அதற்குப் பிறகு வண்டி நிறுத்த இடமில்லை. குடை அவசியம். வழிகாட்டி இல்லாமல் சுற்றாதீர்கள், எங்களைப் போல மேசையைக் கும்பிடுவீர்கள்.

இதை எழுதுவது திங்கள் மாலை. இன்று காலை என் முதல் வாக்கியமே, "மலர் பதினோரு வருடம் எங்கள் கிராணி" என்பதுதான். பின்வரிசையில் வேறு அலுவலகங்களின் கிராணிகள் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நீதிமன்றத்தில் கைதட்டக் கூடாது என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தட்டினார்கள். நீதிபதி தடுக்கவில்லை.