காங்கேயத்தில் ஒரு பிடில் கச்சேரி

காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு மேடையில் இங்கிலாந்திலிருந்து வந்த நாட்டுப்புற பிடில்காரர் நிற்கிறார். மொழிபெயர்க்க நான் கூட வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் படித்தபோது இவர் வாசிப்பைக் கேட்ட மணப்பெண்தான் அழைத்திருக்கிறாள். நாற்பது வருடமாக ஊர் ஊராகப் பப் என்னும் மதுக்கடைகளில் நின்றபடி, காலால் தரையைத் தட்டித் தட்டி வாசித்தவர்.

வில்லை எடுக்கிறார். "ஏனுங்க, விருந்தாளிய இப்படி நிக்க வெச்சுப்போட்டீங்களே" என்று பெண்ணின் பெரியப்பா பதறுகிறார். மாப்பிள்ளைக்குப் போட்ட சிம்மாசனத்தில் பிடில்காரரை உட்கார வைக்கிறார்கள். தோளில் பொன்னாடை விழுகிறது. பெரியப்பா போர்த்தினால் சம்பந்தி சும்மா இருக்க முடியுமா? சம்பந்திக்குப் பின்னால் மாமன்மார், மில் முதலாளி, கவுன்சிலர். வில் பிடித்த கை துணிக்குள் காணாமல் போகிறது. மைக் பிடித்தவர் பிடில்காரரின் வாழ்க்கை வரலாற்றை, அவருக்கே தெரியாத விருதுகளையும் சேர்த்து, உருக்கமாகச் சொல்லி முடிக்கிறார். அதற்குள் பந்திக்கு அழைப்பு வருகிறது. ஒரு நிமிடத்தில் மேடைக்கு முன்னால் வெறும் நாற்காலிகள்.

இலை முன்னால் பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "கச்சேரி அருமைங்க. சின்னவ கல்யாணத்துக்கும் நீங்கதான் வரோணுமுங்க."

மொழிபெயர்க்கிறேன். பிடில்காரருக்குக் கண் கலங்குகிறது. "நாற்பது வருடம் வாசித்தேன். எனக்காக ஒருவரும் கோப்பையைக் கீழே வைத்ததில்லை" என்கிறார். "கட்டாயம் வருகிறேன் என்று சொல்லுங்கள். பிடிலையும் கொண்டுவர வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்."